புட்குழியும் தறிக்குழியும்

காஞ்சி மாநகரிலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலை வழியில் ஏறத்தாழ ஏழு கல் தொலைவு சென்றால் பாலுச்செட்டி சத்திரம் வரும். அதனை அடுத்து, சாலையின் இரைச்சலுக்குச் சிறிதே ஒதுங்கி நிற்கும் சிற்றூர் திருப்புட்குழி. விரைந்து செல்லும் பேருந்துப் பயணிகளுக்கு அவ்வூர் கண்ணில் படுவதே அரிது. ஆயினும், கல்வியும் கைத்தொழிலும் நம் நாட்டில் ஒன்றையொன்று எவ்வாறு நோக்கி வந்துள்ளன என்பதை அறிய விரும்புவோர் அவ்வூரிலிருந்தே தொடங்கலாம் என்பது நம் எண்ணம்.

புள் என்பது பறவை. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனைத் தடுத்துப் போரிட்டு வீழ்ந்த சடாயு என்னும் கழுகரசனுக்கு, இராமபிரான் ஒரு மகன் தன் தந்தைக்குச் செய்யும் இறுதிக்கடனைச் செய்த இடம் இதுவே என்பது வைணவப் பெருமக்களின் நம்பிக்கை. பறவையைக் குழியிட்டு அடக்கிய ஊராதலின் புட்குழி எனப் பெயர் பெற்றதாம். இங்கு எழுந்தருளியிருக்கும் விசயராகவப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. மகப்பேறு வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியிற் கட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்துறங்குவர்; விடியலில் பயறு முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலித்ததென்று மகிழ்வர். நம் மறை வேறாயினும், பிள்ளை வேண்டும் என்னும் அந்த ஏக்கம் நமக்கு அன்னியமானதன்று. முதிர்ந்த வயதில் மகனைப் பெற்ற சாராளும், ஆலயத்தில் அழுது மன்றாடிய அன்னாளும் நம் மறைநூலில் இடம்பெற்றவர்களே.

அவ்வாறு வேண்டிப் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, தறியில் உட்கார்த்துவதா என்பதே இவ்வட்டாரத்தின் நீண்டநாள் வழக்கு. அவ்வழக்கைப் பற்றியே ஈண்டு எழுத எண்ணினோம்.

திருப்புட்குழி ஒரு பள்ளியாலும் புகழ் பெற்றது. பதினோராம் நூற்றாண்டில் யாதவப் பிரகாசர் என்னும் வேதாந்த ஆசிரியர் இங்கு மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லி வந்தார் என்பது மரபு. திருப்பெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்ததாகக் கூறப்படும் இராமானுசர் அவரிடம் வந்து பயின்றார். ஆசிரியர் ஓர் உபநிடதத் தொடருக்கு இறைவனின் கண்ணழகை இழிவுபடுத்தும் வகையில் பொருள் கூற, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சுடச்சுட விழுந்ததாம். பின்னர் மாணவர் வேறு பொருள் உரைத்தார். வழக்கு முற்றி, காசி யாத்திரையில் மாணவரைக் கொன்றுவிடவும் திட்டமிடப்பட்டதென்றும், அதனின்று அவர் தப்பினாரென்றும், இறுதியில் அந்த ஆசிரியரே தம் மாணவருக்கு மாணவரானாரென்றும் வைணவ நூல்கள் கூறும். ஆசிரியராய்ப் பணியாற்றும் நம் பங்கு மக்கள் பலர். அவர்கள் இக்கதையை ஒருமுறை மனத்தில் அசைபோடுவது நலம் என்று சொல்லி வைக்கிறோம்.

காஞ்சியின் கல்விப் புகழ் இதனினும் பழமையானது. கடம்ப அரசமரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் மறைக்கல்வி பெறவேண்டிக் காஞ்சியின் கடிகைக்கு வந்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு பேசுகிறது. சீனத் துறவி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் இந்நகரைக் கண்டு எழுதினார். நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். இவையெல்லாம் பெருமைக்குரியவையே. ஆனால் அக்கல்வி ஊரில் உள்ளோர் அனைவருக்கும் உரியதாய் இருக்கவில்லை. நெசவாளனின் மகனுக்கு வேறொரு பள்ளி இருந்தது. அதுவும் ஒரு குழியே. அதன் பெயர் தறிக்குழி.

பட்டுத்தறியைக் கண்ணாற் கண்டிராத வாசகர்களுக்காகச் சிறிது விரித்துரைப்போம். வீட்டின் முன்கூடத்தில் தரையைத் தோண்டிக் குழி அமைப்பர். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய இழைகள் பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. மிதியை மிதிக்கப் பாவு இரண்டாகப் பிரியும். அவ்விடைவெளியில் ஊடை நூல் சுற்றிய தாரைத் தாங்கிய நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். அச்சு வந்து இழையை அடித்து நெருக்கும். கச்சாப் பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது; சரிகைக்குச் சூரத்து நகரம் பேர்போனது. காஞ்சியில் பட்டும் விளையவில்லை, தங்கமும் விளையவில்லை. விளைந்ததெல்லாம் கைத்திறன் ஒன்றே.

அக்கைத்திறனின் உச்சி கோர்வை என்னும் நெசவு. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, இரண்டும் கலவாமல், ஆனால் பிரியாமல் இருக்க வேண்டும். அதற்காக உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகளுக்கு இரு நாடாக்களும் ஆக மூன்று நாடாக்கள் வேண்டும். கரையின் ஊடை கரையிலேயே திரும்பி, உடலின் ஊடையோடு ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நம் பாட்டிமார் கூறியது இதன் பொருட்டே. முந்தானைக்கு வேறு நிறப் பாவை இழையிழையாய் இணைக்கும் பெட்னி வேலை இன்னும் நுட்பமானது. அதனை விரித்தால் கட்டுரை நீளும்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தியின் முடிச்சு இருக்கிறது. தறியில் அமர்ந்த ஒருவர் மூன்று நாடாக்களையும் தாமே ஓட்ட முடியாது. ஒருபக்கக் கரையை அவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ள அருகில் இன்னொருவர் அமர வேண்டும். அவருக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. சிறு விரல்களும், கூர்மையான கண்களும், நாள்முழுதும் எழாமல் இருக்கும் பொறுமையும் போதும். நெசவுக் கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. இருவர் அமர்ந்தாலும் கூலி ஒன்றே. அந்த இரண்டாவது இருக்கைக்கு வளர்ந்த ஆள் ஒருவரை வைத்துக் கூலி கொடுத்தால் குடும்பத்துக்கு மிஞ்சுவது சொற்பம். ஆகையால் அவ்விருக்கையில் பிள்ளை அமர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளையே அமர்ந்தது.

நிற்க. திருச்சபை இவ்வட்டாரத்தில் எப்போது காலடி வைத்தது என்று வாசகர் வினவக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருக்கள், புதுச்சேரியிலிருந்து வடக்கும் மேற்குமாகச் சென்று, கருநாடக மிஷன் என்னும் பெயரால் மறைப்பணி ஆற்றினர். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கருவேப்பம்பூண்டி அவர்களது தொடக்ககால இருப்பிடங்களுள் ஒன்று. அந்த மிஷனைச் சேர்ந்த கெர்தூ அடிகளார் 1732ஆம் ஆண்டு நம் நாட்டிற்கு வந்தவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் என்று மொழிநூலார் அவரைப் போற்றுவர். நமக்கு இங்கே வேண்டியது அவர் 1742இல் எழுதிய ஒரு கடிதம். பருத்தித் துணிக்குச் சாயமேற்றிச் சித்திரம் தீட்டும் முறையை, அத்தொழில் தெரிந்த புதுக் கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து, எந்தக் காயை ஊறவைப்பது, எந்த வேரைக் கொதிக்கவைப்பது, எத்தனை முறை வெயிலில் உலர்த்துவது என்பதையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அக்கடிதம் அச்சாகி, ஆங்குத் துணிக்குச் சாயமிடுவோர் கைக்கும் சென்றது.

இதனைப் படித்த காலத்தில் நமக்கு இருவேறு உணர்வுகள் தோன்றின. சாயக்காரர்களின் அறிவை அறிவென மதித்து, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து மாணவரைப்போல் கேட்டெழுதிய ஒரு குருவைக் காணும்போது உள்ளம் குளிர்கிறது. எனினும், எழுதப் படிக்க அறியாத தொழிலாளி வாய்மொழியாய்க் காத்துவந்த அறிவு, எழுத்தறிந்தவர் கைக்குச் சென்றதும் எழுத்தறிந்தவருக்கே பயன்பட்டது என்பதும் மறுக்கொணாதது. கல்வியில்லாத கைத்திறன் தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள இயலாது.

அதன்பின் போர்கள் வந்தன. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அண்மையில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைத் திப்பு சுல்தானின் படை முறியடித்தது. அரசர்கள் வென்றாலும் தோற்றாலும் ஊர்கள் எரிந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகள் தோன்றின. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்துப் போதகர் ஜான் ஆண்டர்சனின் பெயரால் காஞ்சியில் ஆண்டர்சன் பள்ளி நிலவுகிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு மூலமும் அவரது சென்னைப் பள்ளியே. 1794இல் மறைந்த வள்ளல் பச்சையப்பரின் அறப்பொருளால் எழுந்த பள்ளிகளுள் ஒன்றும் காஞ்சியில் அமைந்தது. நம் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் சென்னை முதல் செங்கற்பட்டு வரை நடத்திவந்த பள்ளிகளைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உங்களுள் பலர் அவற்றில் பயின்றவர்களே. 2002ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தினின்று செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது காஞ்சிப் பகுதி புதிய மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

பச்சையப்பன் பள்ளியில் பயின்ற ஒரு நெசவுக் குடும்பத்துப் பிள்ளையை மட்டும் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை, வீட்டின் வறுமையால் இடையில் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். பின்னர் படிப்பைத் தொடர்ந்து, பட்டம் பெற்று, 1967இல் இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். அரசியலில் நம் வாசகர்கள் பலதிறத்தார். அதனுள் நாம் புகவில்லை. இடையில் நின்ற படிப்பு நின்றவாறே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே நம் நினைவு. அவ்வாறு நின்றவாறே போன பிள்ளைகளின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

பள்ளியும் தறியும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 1953. அன்றைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியிலும் மீதிப் பொழுது தந்தையோடு தொழிலிலும் கழிக்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர் அதற்குப் பெயரிட்டனர், அப்பெயரே நிலைத்தது. கையால் உழைப்பது இழிவன்று, புத்தகம் மட்டுமே கல்வியன்று என்னும் கருத்து அதில் இருந்ததை நாம் மறுக்கவில்லை. நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை ஆண்டவரெனத் தொழும் நாம் அதனை எங்ஙனம் மறுப்போம்? ஆனால் வழக்கறிஞரின் மகன் பிற்பகலில் வழக்காடக் கற்பதும், நெசவாளியின் மகன் பிற்பகலில் இரண்டாவது இருக்கையில் அமர்வதும் ஒன்றாகா. திட்டம் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். 1956இல் அவரே பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். வயிற்றுக்கு வழி செய்தாலொழியப் பிள்ளை தறியை விட்டு எழாது என்பதை, பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அம்மனிதர் நன்கு அறிந்திருந்தார்.

ஆயினும் பிள்ளை எழவில்லை. சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், தொண்ணூறுகளின் இறுதியில், காஞ்சிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாய் இருந்தோம். மாலையில் இல்லம் சந்திக்கச் செல்வது வழக்கம். தெருவில் நுழையும்போதே அச்சு அடிக்கும் ஓசை இருபுறமும் கேட்கும். நம் மறையைச் சார்ந்த நெசவுக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவையே. எனினும் எவ்வீட்டிலும் நம்மைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுப்பர். ஒரு வீட்டில் ஒன்பது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தறியின் இடப்புறம் அமர்ந்திருந்தான். நாம் அவனோடு பேசியபோது முகத்தைத் திருப்பாமல் விடை கூறினான். திரும்பினால் இழை தவறும். விரலிடுக்கில் பட்டு நூல் அறுத்த தழும்புகள் இருந்தன. அவன் அவ்வீட்டுப் பிள்ளையும் அல்லன். அவன் தந்தை முன்பணம் வாங்கியிருந்தார். அது கழியும் வரை அவன் இங்கே.

மற்றொரு வீட்டில், தம் சொந்த மகனையே அருகில் இருத்தியிருந்த ஒரு நெசவாளரிடம் பள்ளியைப் பற்றிப் பேசினோம். அவர் சினம் கொள்ளவில்லை.

"சாமி, புள்ளை படிக்கக் கூடாதுன்னு எந்த அப்பனும் நெனைக்க மாட்டான். இவன் எழுந்து போயிட்டா அந்தப் பக்கத்து நாடாவை யாரு தள்ளுறது? ஆள் வச்சா கூலியில பாதி அவனுக்கு. மீதியில நாங்க எத்தனை பேரு சாப்பிடறது? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் கூறியதில் பொய்யில்லை.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலைக் குருமடத்தில் நாம் பாடமாகப் படித்திருந்தோம். உடலும் உள்ளமும் முதிராத பிள்ளைகளைத் தொழிற்கூடங்களில் சேர்க்கலாகாது என்று அவர் அதில் எச்சரித்துள்ளார். தேர்வுக்காக அதனை மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். ஆனால் அதே மடல் இன்னொன்றையும் கூறுகிறது: தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் போதுமான கூலி, ஒப்பந்தப் பேச்சுக்கு மேற்பட்ட நீதி என்பது. முதல் வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நெசவாளியின் வாயிலில் நின்றால், இரண்டாவது வாக்கை எவர் வாயிலில் சென்று சொல்வது? சேலை வாங்கும் நம் வாயிலிலா?

பின்னர் காலம் மாறிற்று. தொண்டு நிறுவனங்களும் அரசு அலுவலரும் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கணக்கெடுத்தனர். தறியை விட்டு எழுந்த பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2003ஆம் ஆண்டு சனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது காஞ்சியின் பெயரும் அதில் இடம்பெற்றது. பட்டுக்குப் பெயர்பெற்ற ஊருக்கு அது தலைகுனிவே. ஆனால் அத்தலைகுனிவு சிலரை அசைத்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் தம் பங்கைச் செய்தன. இரண்டாவது இருக்கையில் பிள்ளையைக் காண்பது மெல்ல மெல்ல அரிதாயிற்று. கடவுளுக்கு நன்றி கூறுவோம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்துவிட்டு, பள்ளி நேரம் போக மீதிப் பொழுதில் குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவலாம் என்று ஒரு விலக்கும் அளித்துள்ளது. தாய்க்குத் தார் சுற்றிக் கொடுக்கும் மகளை எச்சட்டமும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பதைத் தறி வீட்டினுள் நுழைந்து எந்த அதிகாரி அளப்பார்? தேர்வு நெருங்கும்போதும் திருமணக் காலத்து முன்கேட்பு நெருங்கும்போதும் எது வெல்லும் என்பதை நெசவுத் தெருவில் உள்ள பங்கு மக்கள் விழிப்போடு கவனித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வேறொரு பேச்சைக் கேட்கிறோம். பிள்ளைகள் படிக்கப் போனதால்தான் காஞ்சிப் பட்டு அழிகிறது என்கின்றனர். கற்றறிந்தவர்களே அப்படிக் கூறக் கேட்டு வியந்தோம். 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைகள் இன்றும் கடல் கடந்து விற்கின்றன. கடைகள் மாடிமேல் மாடி எழுப்புகின்றன. எனினும் கோர்வை நெய்வார் குறைந்து வருகின்றனர். ஒருவரே நெய்யக்கூடிய எளிய கரைச் சேலைகளுக்குப் பலர் மாறிவிட்டனர். விசைத்தறிச் சேலை கைத்தறியின் பெயரில் விற்பதும் நடக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஏட்டில் உள்ளது.

உண்மைதான், பிள்ளை எழுந்ததும் இருக்கை காலியாயிற்று. ஆனால் அந்த இருக்கைக்குப் பெரியவர் ஒருவருக்குரிய கூலியைச் சேலையின் விலையில் சேர்க்க எவரும் முன்வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளையின் விரலால் மலிவாய்க் கிடைத்த அழகை, பெரியவரின் கூலி கொடுத்து வாங்க நாம் ஆயத்தமாக இல்லை. படிப்பின் மேல் பழி போடுவது எளிது.

திருப்புட்குழிச் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தொழிற்சாலைப் பேருந்துகள் இளைஞரை ஏற்றிக்கொண்டு கிழக்கே திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்வதைக் காணலாம். இராமானுசர் பாடம் கேட்கப் புட்குழிக்கு வந்த பாதையின் எதிர்த்திசை அது. நெசவாளரின் பிள்ளைகள் பலர் அப்பேருந்துகளில் இருக்கின்றனர். மாதச் சம்பளம், சீருடை, மூன்று வேளைப் பணிமுறை. இதுவும் நிலையானதென்று எவரும் உறுதி கூற இயலாது. 2006இல் ஆரவாரத்தோடு தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது கண்ணீர் விட்ட குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும் இவ்விளைஞர்களைத் தறிக்குத் திரும்புங்கள் என்று அறிவுரை கூற நமக்கு மனம் வரவில்லை. கூடாரம் நெய்து தம் உணவைத் தாமே ஈட்டிய புனித சின்னப்பர்கூட அத்தொழிலைத் தம் சீடர்மேல் சுமத்தியதாக நாம் படித்ததில்லை.

தொழிலின் மாண்பைப் பற்றி நெசவாளரிடம் நாம் பேசும்போதெல்லாம் நற்செய்தியில் வரும் ஓர் ஆடையைப் பற்றிக் கூறுவோம். சிலுவையடியில் போர்வீரர் கிழிக்காமல் சீட்டுப்போட்டுக்கொண்ட அந்த அங்கி மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக, தையலின்றி அமைந்ததென்று அருளப்பர் குறித்துள்ளார். அதனை நெய்தவர் எவரென்று மறைநூல் கூறவில்லை. இதைச் சொன்னால் முதிய நெசவாளர்கள் உடனே தொழில்நுட்பத்துக்குள் புகுந்துவிடுவர். கழுத்து எப்படி விட்டிருப்பார்கள், கை எப்படி இணைத்திருப்பார்கள் என்று தமக்குள்ளே வாதாடுவர். நம் மறையுரை அத்தோடு நின்றுவிடும். நாமும் அதை விரும்பியே கேட்டுக்கொண்டிருப்போம்.

அண்மையில் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கோர்வை இன்னும் நெய்யும் மிகச் சில வீடுகளுள் அதுவும் ஒன்று. கணவர் வலப்புறம். இடப்புறத்து இருக்கையில் மனைவி. சமையலும் துவையலும் முடித்து, பத்து மணிக்கு அமர்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுவதில்லை என்றார். பிள்ளை எழுந்த இடத்தில் தாய் அமர்ந்திருக்கிறார். கூலி இன்றும் சேலைக்கு இவ்வளவு என்பதே; கூலிப் புத்தகத்தில் இருப்பது கணவரின் பெயர் ஒன்றே.

அவர்கள் மகள் கல்லூரியில் வணிகவியல் பயில்கிறாள். நாம் இருக்கும்போதே வந்து சேர்ந்தவள், புத்தகப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, பெற்றோர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். பிறகு அந்தக் கூலிப் புத்தகத்தை எடுத்து, ஒரு சேலைக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி, இருவருக்குமாக மணிக்கு எவ்வளவு என்று பின்னட்டையில் பென்சிலால் வகுத்து எழுதினாள். எழுதிய தொகையைத் தாயிடம் காட்டினாள். தாய் சற்று நேரம் பார்த்தார்.

"அப்பா பாக்கறதுக்குள்ள அழிச்சிடு, கண்ணு" என்றார். நாடா மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. மகள் அழிக்கவில்லை, புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.